நலம் தரும் புரவி

குதிரை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழும் காட்சிகள் சில உண்டு. போர்க்களத்தில் பாயும் பரி, ஊர் எல்லையில் அய்யனாரின் முன் சுடுமண்ணால் நிற்கும் புரவி, பந்தய மைதானத்தில் புழுதி கிளப்பி ஓடும் குதிரை ஆகியவையே அவை. யாவும் வேகத்தையும் வலிமையையும் குறிப்பன. நடக்க இயலாத ஒரு குழந்தையைச் சுமந்து, மெல்ல அடிவைத்துச் செல்லும் குதிரையை நம்மில் பலர் கண்டதில்லை. ஆனால் உலகின் பல நாடுகளில் இக்காட்சி இன்று வழக்கமாகிவிட்டது. நம் நாட்டிலும் பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களில் இம்முயற்சி தோன்றியிருக்கிறது. மாற்றுத் திறனாளிகளுக்காக, இலாபம் கருதாமல், இத்தகைய சவாரிப் பணி ஒன்றைப் பெங்களூருவில் நிறுவ விரும்புவோர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில், குதிரைச் சவாரி எவ்வாறு சிகிச்சையாகிறது என்ற வினாவுக்கு விடை காண்போம். நாம் நடக்கும்பொழுது நம் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மேலும் கீழும் அசைகிறது. ஒவ்வோர் அடிக்கும் சிறிது திரும்பவும் செய்கிறது. குதிரை நடக்கும்பொழுது அதன் முதுகும் ஏறக்குறைய இதே முறையில் அசைகிறது. ஆகவே, கால்கள் இயங்காத ஒருவர் குதிரைமேல் அமர்ந்தால், நடப்பவரின் இடுப்பு பெறும் அசைவை அவருடைய இடுப்பும் பெறுகிறது. மெல்ல நடக்கும் குதிரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடிகள் வைக்கும். இருபது நிமிடச் சவாரியில் 2,000 முறை அவ்வசைவு உடலைத் தீண்டுகிறது. ஒவ்வொரு முறையும் விழாமல் நிமிர்ந்திருக்க முதுகும் வயிறும் கழுத்தும் தாமாகவே முயல்கின்றன. எந்தப் பயிற்சிக்கூடத்திலும் ஒரு குழந்தையை 2,000 முறை ஒரே பயிற்சியைச் செய்யச் சொல்ல இயலாது. குதிரைமேல் அக்குழந்தை அதை விளையாட்டாகச் செய்துவிடுகிறது.

பெருமூளை வாதம் உள்ள 15 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு, 2003ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறு ஆய்வு இங்கே நோக்கத்தக்கது. சிலரை எட்டு நிமிடம் நடக்கும் குதிரைமீதும், சிலரை எட்டு நிமிடம் அசையாத பீப்பாய்மீதும் அமர்த்தினர். குதிரைமேல் இருந்தவர்களின் தசைகள் இரு பக்கமும் சமமாக இயங்குவதில் முன்னேற்றம் காணப்பட்டது. எனினும் இத்துறையில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறு அளவினவே என்பதை மறத்தலாகாது. குதிரைச் சவாரி பெருமூளை வாதத்தையோ ஆட்டிசத்தையோ நீக்கிவிடாது. உடலின் சமநிலையும் அமரும் நிலையும் செம்மையுறவும், தன்னம்பிக்கை வளரவும் அது துணை செய்யும். இதற்குமேல் பெற்றோருக்கு வாக்களிக்கும் நிறுவனம், தொடங்கிய நாளிலேயே தவறான வழியில் அடி வைத்ததாகும்.

இத்துறை உலகின் கவனத்தைப் பெற்ற வரலாறு சுவையானது. டென்மார்க் நாட்டுச் சவாரி வீராங்கனை லிஸ் ஹார்ட்டல் 1944ஆம் ஆண்டு இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டார். முழங்காலுக்குக் கீழே அவருக்கு இயக்கம் மீளவில்லை. பிறர் துணையின்றிக் குதிரைமேல் ஏறவும் இறங்கவும் அவரால் இயலாது. அவ்வாறிருந்தும் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆடவரும் மகளிரும் ஒன்றாகப் போட்டியிட்ட குதிரை நடைக்கலைப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இலும் அவ்வெற்றியைப் பெற்றார். அவருடைய வெற்றி ஐரோப்பாவில் பலரைச் சிந்திக்கச் செய்தது. பிரிட்டனில் மாற்றுத் திறனாளிகளுக்கான சவாரிச் சங்கம் 1969ஆம் ஆண்டு அமைந்தது. அமெரிக்காவிலும் அதே ஆண்டில் இதற்கென ஓர் அமைப்பு தோன்றியது. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 1982 முதல் இத்தகைய சங்கம் ஒன்று தொண்டர்களையும் நன்கொடைகளையும் நம்பி இயங்கிவருகிறது.

இனி, பெங்களூருவின் நிலையை நோக்குவோம். கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகரின் மிதமான வெப்பம் குதிரைக்கு ஏற்றது. மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குணிகல், திப்பு சுல்தான் காலத்திலேயே படைக்குதிரைகளை வளர்த்த ஊர். நகரின் வட புறத்தில் 1996ஆம் ஆண்டு நிறுவப்பட்ட எம்பஸி பன்னாட்டுச் சவாரிப் பள்ளி உள்ளது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சவாரி செய்த ஃபவாத் மிர்ஸா இந்நகரத்தவரே. ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்றொரு புறம், 1959இல் தொடங்கிய மாற்றுத் திறனாளிகள் சங்கமும், 1982இல் தொடங்கிய கர்நாடக ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியும் இந்நகரில் பணியாற்றுகின்றன. குதிரையை அறிந்தவர்களும் குழந்தையை அறிந்தவர்களும் ஒரே நகரில் வாழ்கின்றனர். அவ்விரு சாராரையும் ஒரே களத்தில் கூட்டுவிப்பதே தொடங்குவோரின் முதற்பணி.

ஆகவே, குதிரை வாங்குவதற்கு முன் ஆட்களைத் தேடுக. நோய்நிலையை மதிப்பிட்டுச் சவாரியை மருந்துபோல் வகுத்துத் தரும் இயன்முறை மருத்துவர் ஒருவர், சவாரி கற்பிக்கும் பயிற்றுநர் ஒருவர், குதிரையின் குணம் அறிந்த லாயக்காரர் ஒருவர் ஆகிய மூவரும் இன்றி இப்பணி நடவாது. மருத்துவ வல்லுநர் நேரில் நின்று நடத்தும் சிகிச்சை வேறு. பயிற்றுநர் கற்பிக்கும் சவாரி வேறு. தாம் தருவது இவற்றுள் எது என்பதை நிறுவனத்தார் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லுதல் கடமை.

சட்ட வழியிலும் சில கடமைகள் உண்டு. 1960ஆம் ஆண்டின் கர்நாடகச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கூடிச் சங்கம் அமைக்கலாம். அறக்கட்டளையாகவோ இலாப நோக்கற்ற கம்பெனியாகவோ பதிவு செய்வதும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், அவர்களுக்கான நிறுவனங்கள் மாநில அரசிடம் பதிவுச் சான்று பெற வேண்டும் என்கிறது. நன்கொடை அளிப்போர் வரிச்சலுகை பெறுவதற்கு வருமான வரித் துறையின் அங்கீகாரமும் தேவை.

அடுத்து, யாரை ஏற்றலாம், யாரை ஏற்றலாகாது என்ற வினா எழுகிறது. டவுன் நோய்க்குறி உடைய குழந்தைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் உறுதியாகப் பொருந்தியிரா. அவர்களுக்குச் சவாரி பேராபத்து விளைவிக்கும். மருத்துவப் பரிசோதனைக்குப் பின்னரே அத்தகைய குழந்தைகளை ஏற்ற வேண்டும். இடுப்பு மூட்டு நழுவியவர்கள், கட்டுக்கடங்காத வலிப்பு உடையவர்கள், எளிதில் முறியும் எலும்பு உடையவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தாது. ஆவலோடு வந்த தாயிடம், "அம்மா, உங்கள் குழந்தைக்கு இது தகாது" என்று சொல்வது கடினம். ஆயினும் அதைச் சொல்லும் துணிவு நிறுவனத்துக்கு வேண்டும். ஏற இயலாத குழந்தைக்கும் அங்கே வேலை உண்டு. குதிரையைத் துலக்குதல், தீனி வைத்தல், கழுத்தைத் தடவிக்கொடுத்தல் ஆகியவை கைகளுக்கும் உள்ளத்துக்கும் நல்ல பயிற்சியாகும்.

குதிரையைத் தேர்வதில் இரக்கத்தைவிட அறிவுக்கே இடம் அளித்தல் வேண்டும். ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளை இலவசமாகத் தர முன்வருவோர் உண்டு. ஆனால் ஓடவே பழக்கப்பட்ட அவ்வுயிர் நடக்கப் பழகுவதற்குப் பல மாதங்கள் ஆகும். சில குதிரைகள் இறுதிவரை பழகுவதில்லை. தோள் உயரம் நாலரை அடி முதல் ஐந்து அடி வரை உள்ள, வயது முதிர்ந்த, அமைதியான குதிரையே தக்கது. மிக உயரமாயின், பக்கத்தில் நடப்பவரின் கை குழந்தையை எட்டாது. திடீரெனக் குடை விரித்தாலும், சக்கர நாற்காலி உருண்டு வந்தாலும், குழந்தை கூச்சலிட்டாலும், ஊன்றுகோல் விழுந்தாலும் மிரளாமல் நிற்கிறதா என்று பல நாள் சோதித்துப் பார்க்க வேண்டும். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்த எடை, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் பரவக்கூடியதாகையால், வாங்கும் முன் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. லாயத்து மண்ணிலும் சாணத்திலும் இசிவு நோய்க் கிருமி இருக்கக்கூடும். குழந்தைகளும் தொண்டர்களும் அதற்குரிய தடுப்பூசி போட்டிருத்தல் வேண்டும்.

களம் சமமானதாகவும், மழைநீர் தேங்காததாகவும், வேலி சூழ்ந்ததாகவும் இருக்கட்டும். தலைக்கவசமும், கால் சிக்கிக்கொண்டால் உடனே விடுபடும் அங்கவடியும் இன்றி எவரையும் ஏற்றுதல் தகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சக்கர நாற்காலியைக் குதிரையின் முதுகு உயரத்துக்குக் கொண்டு சேர்க்கும் சாய்தளம் ஒன்று தேவை. முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டாற்போல என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. ஆசைப்பட்டவனைக் கண்டு ஊர் நகைத்தது. ஏணி ஒன்று சாத்திக் கொடுக்க எவரும் எண்ணவில்லை. அந்தச் சாய்தளமே நாம் இன்று வைக்க வேண்டிய ஏணி.

பெங்களூருவுக்கே உரிய ஒரு சிறப்பையும் குறிப்பிடுதல் தகும். இங்கே வரும் குழந்தைகள் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எனப் பல மொழி பேசும் இல்லங்களைச் சேர்ந்தவர்கள். பேசத் தயங்கும் குழந்தையிடம், "நட" என்று நீ சொன்னால்தான் குதிரை நடக்கும் என்று பயிற்றுநர் கூறுவார். தமிழ்க் குழந்தை "நட" என்றும், கன்னடக் குழந்தை "நடி" என்றும் சொல்லும். ஒரு சொல்லால் இவ்வளவு பெரிய உயிர் அசைகிறது என்று காணும் குழந்தை, அச்சொல்லை மீண்டும் சொல்ல விரும்புகிறது. ஆதலால் பயிற்றுநரும் தொண்டர்களும் பல மொழி அறிந்திருத்தல் நலம்.

இனிப் பொருளுக்கும் ஆளுக்கும் வருவோம். மூன்று குதிரைகள், நாளுக்கு மும்மூன்று சவாரிகள், வாரத்தில் ஐந்து நாள் என்று கொண்டால், வாரத்துக்கு 45 பேர் பயன் பெறுவர். ஒவ்வொரு சவாரிக்கும் கடிவாளம் பிடித்து நடத்த ஒருவரும், இரு பக்கமும் தாங்கி நடக்க இருவரும் தேவை. ஆக, வாரத்துக்கு 135 முறை ஒருவர் குறித்த நேரத்தில் வந்து நிற்க வேண்டும். அவருள் ஒருவர் வாராவிடில், தொலைவிலிருந்து வந்த ஒரு குழந்தை ஏறாமலே திரும்பும். அக்குழந்தையைக் கொணர்ந்த தாயோ தந்தையோ ஒரு நாள் கூலியை இழந்து வந்தவராகவும் இருக்கலாம். தொண்டு உள்ளம் உடையோர் பலரைச் சேர்ப்பதோடு, தவறாமல் வரும் சிலருக்குச் சம்பளம் தருவதும் இன்றியமையாதது.

குதிரைக்கோ விடுமுறை என்பதே இல்லை. 400 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ வரை உலர்தீனி உண்ணும். மூன்று குதிரைகளுக்கு ஆண்டுக்கு ஆறரை டன்னுக்குமேல் வேண்டும். ஆறு வாரங்களுக்கு ஒரு முறையேனும் குளம்பைச் சீவி லாடம் பார்க்க வேண்டும். கடும் வயிற்றுவலி வந்தால் நள்ளிரவிலும் மருத்துவரை அழைக்க வேண்டும்; தாமதித்தால் குதிரை இறந்துபடும். உழைத்துக் களைத்த குதிரைக்கு முதுமையில் புல்வெளியும் நிழலும் அளிப்பதும் இச்செலவில் அடங்கும். இவையெல்லாம் சவாரி நடைபெறாத மாதங்களிலும் தொடரும் செலவுகள். கட்டணத்தால் மட்டும் இதை ஈடுசெய்ய முற்பட்டால் ஏழைக் குழந்தைகள் வாயிலிலேயே நின்றுவிடுவர். ஆகவே, இயன்றவரிடம் கட்டணமும், ஏனையோருக்காக நன்கொடையும் பெற்று, ஓராண்டுச் செலவுக்குரிய தொகையைச் சேமித்து வைத்த பின்னரே தொடங்குதல் அறிவுடைமை.

இவ்வளவு பொருள் திரட்ட இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. சொந்த நிலமும் குதிரையும் இன்றியே தொடங்க ஒரு வழி உண்டு. ஏற்கெனவே உள்ள சவாரிப் பள்ளி ஒன்றிடம் வாரத்தில் இரு காலைகள், பழகிய குதிரை இரண்டைக் கேட்டுப் பெறலாம். மாற்றுத் திறனாளிகளுக்கான பள்ளி ஒன்றிடமிருந்து ஆறு குழந்தைகளை அதன் வண்டியிலேயே அழைத்து வரலாம். ஓராண்டு அவ்வாறு நடத்தி, ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் மாதந்தோறும் ஏட்டில் குறித்து வைத்தால், எது பயன் தந்தது, எது தரவில்லை என்பது விளங்கும். நன்கொடையாளரிடம் காட்டுவதற்கு அந்த ஏட்டைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நம் நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். கர்நாடகத்தில் மட்டும் 13 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். ஒரு சவாரிக் களம் இவர்களுள் மிகச் சிலருக்கே பயன்படும். ஆனால் அச்சிலரில் ஒரு குழந்தை, சக்கர நாற்காலியிலிருந்து பிறரை எப்போதும் அண்ணாந்து பார்த்துப் பழகிய குழந்தை, குதிரைமேல் அமர்ந்து முதன்முறையாக எல்லோரையும் குனிந்து பார்க்கிறது. அடுத்த வாரமும் அக்குதிரை வரும் என்று அது நம்பிச் செல்கிறது. அந்த நம்பிக்கையை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றக் கூடியவர்களே இப்பணியைத் தொடங்கத் தக்கவர்கள்.