மாசிடோனியப் பாட்டியின் மளிகைக்கடை

பால்கன் தீபகற்பத்தின் நடுவே மலைகளும் ஏரிகளுமாகக் கிடக்கும் மாசிடோனியா, நம்மவருக்கு அலெக்ஸாண்டரின் பெயராலும், அங்குள்ள ஸ்கோப்ஜே நகரில் 1910-ஆம் வருஷம் பிறந்து கல்கத்தாவின் ஏழைகளுக்கே தம் ஜீவியத்தைக் கொடுத்த அன்னை தெரசாவின் பெயராலும் ஓரளவு தெரிந்த தேசந்தான். ஆனால் சக்கரவர்த்திகளையும் மகான்களையும் விட, கடல் கடந்து போய்க் கனடாவின் டொரன்டோ நகரத்துத் தெருமுனைகளில் மளிகைக்கடையும் சிற்றுண்டிச்சாலையும் நடத்தி, மக்களையும் பேரப்பிள்ளைகளையும் ஆளாக்கிய அதன் கிழவிகளிடந்தான் அந்த மண்ணின் சரித்திரம் முழுமையாகக் குடிகொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பேரப்பிள்ளைகள் அவர்களைப் 'பாபா' என்று கூப்பிடுவார்கள்.

ஆண்மக்கள் வெளியூர் போய்ப் பொருளீட்டி வருவது அந்த ஊர்களில் பல தலைமுறைகளாக நடந்த வழக்கம். அதற்குப் 'பெச்சால்பா' என்று பெயர். மலைச்சரிவில் விளையும் தானியம் வருஷம் முழுவதற்கும் காணாது, துருக்கிய சுல்தானின் வரியோ குறையாது என்ற நிலையில், கொத்தர்களும் ரொட்டி சுடுகிறவர்களும் வசந்தகாலத்தில் புனித ஜார்ஜின் திருநாள் கழிந்ததும் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் பல்கேரியாவுக்கும் புறப்பட்டு, குளிர் தொடங்குமுன் புனித டிமிட்ரியின் திருநாளுக்கு வீடு திரும்புவார்கள். சிலர் வருஷக்கணக்கில் திரும்புவதில்லை; சிலர் திரும்பவேயில்லை. அந்த ஆண்களின் பிரிவையும் துயரத்தையும் பற்றி நாட்டுப்பாடல்கள் ஏராளம். அன்டன் பானோவ் 1936-இல் அதையே 'பெச்சால்பாரி' என்ற நாடகமாக்கினார். ஊரில் தங்கிவிட்ட மனைவி மாமியார் சொல்லுக்கு அடங்கி, ஏரும் தறியும் ஆடும் குழந்தையுமாகத் தனியே குடும்பத்தைத் தாங்கினாள். கடை நடத்தும் சாமர்த்தியத்தை அவள் கற்றது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

1903 ஆகஸ்டு 2-ஆந் தேதி, இலியா தீர்க்கதரிசியின் திருநாளன்று, மாசிடோனியர் துருக்கிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். குருஷேவோ என்ற மலையூரில் நிறுவப்பட்ட குடியரசு ஏறக்குறையப் பத்து நாட்களே நீடித்தது. பிறகு பட்டாளம் புகுந்து கிராமம் கிராமமாகத் தீயிட்டது. 1913-இல் பால்கன் யுத்தங்கள் முடிந்து, புக்காரெஸ்ட் உடன்படிக்கையின்படி அந்தப் பிரதேசத்தில் ஏறக்குறையப் பாதி கிரீஸுக்கும் மற்றதில் பெரும்பகுதி செர்பியாவுக்கும் பல்கேரியாவுக்கும் பங்கு போடப்பட்டது. வீடிழந்தவர்கள் பழைய வழிகளை விட்டுக் கப்பலேறினார்கள். 1924-இல் அமெரிக்க ஐக்கிய நாடு தன் கதவை ஏறக்குறைய அடைத்துவிடவே, கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறவர்கள் பெருகினார்கள்.

டொரன்டோவில் ஒரே ஊர்க்காரர்கள் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சேர்ந்து சமைத்துண்டு, இறைச்சிக்கூடங்களிலும் தோல் பதனிடும் இடங்களிலும் உழைத்தார்கள். 1910-இல் புனித சிரில், மெத்தோடி இருவர் பேரால் தேவாலயமும் கண்டார்கள். ஆயினும் நாலு காசு சேர்ந்ததும் ஊர் திரும்பி நிலம் வாங்கவேண்டும் என்பதே அவர்களில் அநேகருடைய எண்ணம். முதல் உலக யுத்தத்துக்குப் பின் மனைவிமார் வரத் தொடங்கிய பிறகே அந்த எண்ணம் சிறிது சிறிதாகக் கரைந்தது. வந்து போகும் கூலிகளாயிருந்தவர்களைக் குடிகளாக்கியவர்கள் ஸ்திரீகளே.

சிறு வியாபாரத்துக்கு ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை, பள்ளிச் சான்றிதழ் வேண்டியதில்லை. கொஞ்சம் முதலும், கூலி கேட்காமல் உழைக்கும் குடும்பமும் இருந்தால் போதும். ஆகவே இறைச்சிக்கூடத்தில் சேமித்த பணம் கடையாக மாறிற்று. கீழே கடை, மேலே வீடு. தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் வருமுன் கதவைத் திறந்து, இரவில் தெரு அடங்கிய பின் மூடுகிற அந்த ஜீவனத்தில், கணவன் கொள்முதலுக்கு வெளியே அலைய, கல்லாப்பெட்டி மனைவியின் கைக்கு வந்தது. எண்களையும் சரக்குகளின் பெயர்களையும் முதலில் கற்று, பிறகு வாடிக்கைக்காரரின் முகங்களைக் கற்று, சம்பள நாள்வரை யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதைப் பேச்சில்லாமலே அறிந்துகொண்ட அந்தப் பெண்மணிக்குக் கடை என்பது, ஊரில் அவள் ஆண்ட வீட்டின் ஒரு விஸ்தரிப்பாகவே இருந்தது. பிள்ளைகள் அங்கேயே பாடம் படித்தார்கள். புதிதாக வந்திறங்கிய ஊர்க்காரன் வேலை விசாரிக்கவும், எழுத்தறியாதவன் கடிதம் படித்துக் கேட்கவும் அங்கேதான் வந்தான்.

இவர்களுடைய சிற்றுண்டிச்சாலைகளில் பெரும்பாலும் முட்டையும் பன்றியிறைச்சியும் பழப் பணியாரமுமாக அந்நாட்டார் ஆகாரமே விற்றது. சொந்தச் சமையல் மாடிக்குப் போய்விட்டது. ஒரு விலக்கு உண்டு. ஓஹையோ மாகாணத்துச் சின்சினாட்டியில் மாசிடோனியாவிலிருந்து வந்த கிராஜியெப் சகோதரர்கள் 1922-இல் தொடங்கிய கடையில், இலவங்கப்பட்டை மணக்கும் கொத்துக்கறிக் குழம்பை ஸ்பகெட்டியின் மேல் ஊற்றிக் கொடுத்தார்கள். இன்று அது அந்நகரத்துக்கே உரிய உணவாகிவிட்டது. பாபாவின் கைத்திறனைக் காண வேண்டுமானால் இலையுதிர்காலத்தில் வரவேண்டும். காரமில்லாத பருத்த சிவப்பு மிளகாயை மூட்டை மூட்டையாக வாங்கி, தணலில் தோல் கருகச் சுட்டு, சூடு ஆறுமுன் விரல் பொறுக்கத் தோலுரித்து, அரைத்து, எண்ணெய் விட்டு, அடிபிடிக்காமல் மணிக்கணக்கில் கிளறி, குளிர்காலம் முழுவதற்கும் போத்தல்களில் அடைத்து வைக்கும் 'அய்வார்' என்ற அந்தத் துவையலுக்காக, கடையின் கொல்லையில் குடும்பம் முழுதும் கூடிவிடும். அன்றைய அதிகாரம் அனைத்தும் அவளுடையது.

பாஷையைக் காத்தவளும் அவளே. கிரீஸுக்குப் போன பகுதியில் சர்வாதிகாரி மெட்டாக்ஸாஸின் ஆட்சி 1936 முதல் மாசிடோனிய மொழி பேசுவதையே தடைசெய்து, மீறினவர்களைத் தண்டித்தது. தன் கிராமத்துக் கிணற்றடியில் வாய்விட்டுப் பேசக்கூடாத பாஷையை அவள் அந்நிய நகரத்துக் கடையில் உரக்கப் பேசினாள். அதன்பின் கிரேக்க உள்நாட்டு யுத்தம் வந்தது. 1948-இல் ஏறக்குறைய 28,000 குழந்தைகள், மாசிடோனியரும் கிரேக்கருமாக, குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றுவதற்கென்று எல்லை கடத்தப்பட்டு ஹங்கேரி, ருமேனியா, போலந்து முதலிய தேசங்களின் விடுதிகளில் சேர்க்கப்பட்டார்கள். குழந்தைகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கிராமத்துப் பெண்ணொருத்தியைத் தாயாக நியமித்து, மலைவழியே கால்நடையாக நடத்திச் சென்றார்கள். வருஷங்கள் கழித்துப் பெற்றோரைத் தேடி டொரன்டோவுக்கும் மெல்போர்னுக்கும் வந்து சேர்ந்த அந்தச் சிறுமிகளில் சிலரே அடுத்த தலைமுறைக் கடைக்காரிகள். 1982-இல் கிரீஸ் தன் அகதிகளைத் திரும்ப அழைத்தபோதுகூட, 'கிரேக்க வம்சத்தார்' என்ற நிபந்தனையால் மாசிடோனியர் விலக்கப்பட்டார்கள். பிறந்த வீட்டைப் பார்க்க உரிமையின்றியே பலர் மூப்படைந்ததை எண்ணும்போது என் மனம் ஆறவில்லை.

பேரப்பிள்ளைகள் சர்வகலாசாலைக்குப் போனார்கள், கடைக்குத் திரும்பவில்லை. அவள் விரும்பியதும் அதுவே. டொரன்டோவின் மாசிடோனியரைப் பற்றி லிலியன் பெட்ராப் 1995-இல் வெளியிட்ட அரிய நூல், தன் தலைப்பிலேயே சொல்வதுபோல, 1940-உடன் நின்றுவிடுகிறது. அதற்குப் பின் வந்தவர்களின் கதை பெரும்பகுதி இன்னும் அவர்கள் நாவிலேயே இருக்கிறது. 1948-இல் எல்லை கடந்த குழந்தைகள் இன்று எண்பதை எட்டியும் தாண்டியும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் அருகில் போய் உட்காரவேண்டிய காலம் இது. முதலில் கேட்கவேண்டியது யுத்தத்தைப் பற்றியன்று, கடையில் பாபா யார் யாருக்குக் கடன் கொடுத்தாள் என்பதைப் பற்றி. அங்கிருந்து தொடங்கினால் மற்றவையெல்லாம் அவளே சொல்வாள்.