இபிசாவில் வேலை உண்டு, படுக்கத்தான் இடமில்லை

ஏப்ரல் பிறந்ததும் மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் டப்ளினிலும் இளைஞர்கள் சிலர் ராஜினாமாக் கடிதம் எழுதத் தொடங்குகிறார்கள். கால் சென்டர், வங்கிக் கிளை, காப்பீட்டு அலுவலகம் என்று விடுகிற வேலை எதுவாகவும் இருக்கலாம். போகிற இடம் பெரும்பாலும் ஸ்பெயினின் இபிசா தீவுதான். மே மாதத்தில் கிளப்புகளின் தொடக்க விழாக்கள், அக்டோபரில் நிறைவு விழாக்கள். நடுவில் வரும் மாதங்களில் பாரில் பரிமாறுவது, டிக்கெட் விற்பது, படகு விருந்துகளுக்கு ஆள் சேர்ப்பது, மற்ற நேரம் கடலும் பாட்டும். ஒரே ஒரு கோடை, அப்புறம் ஒழுங்காக வேறு வேலை தேடிக்கொள்வேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள்.

இந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். இருபத்தைந்து வயதில், திங்கள்கிழமை காலை என்றாலே வயிற்றைப் பிசைகிற வேலையை உதறிவிட்டு ஒரு தீவுக்குப் போவது தப்பான காரியம் இல்லை. அந்தத் தீவின் இசைப் புகழே பழைய வேலையை விட்டு வந்த ஒருவரால் வந்ததுதான். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பத்திரிகையாளராக இருந்தவர் ஆல்ஃபிரெடோ ஃபியோரித்தோ. 1976-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் நாட்டைவிட்டு வெளியேறி இபிசாவில் வந்து ஒதுங்கினார். கையில் கிடைத்த வேலைகளைச் செய்தார், ஒரு பாரை ஏற்று நடத்தினார். 1980-களில் ‘அம்னீசியா’ கிளப்பில் ராக், ரெக்கே, பாப், சிகாகோவிலிருந்து வந்த ஹவுஸ் என எல்லாவற்றையும் ஒரே இரவில் கலந்து ஒலிக்கவிட்டார். 1987 கோடையில் அதைக் கேட்ட பால் ஓகன்ஃபோல்டு, டேனி ராம்ப்ளிங், நிக்கி ஹாலோவே, ஜானி வாக்கர் என்ற நான்கு லண்டன் டிஜேக்கள் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டுக்குள் பிரிட்டனின் இரவு இசையையே மாற்றிவிட்டார்கள். அதே 1987 மே மாதம், கூரையில்லாத ‘கூ’ கிளப்பில் ஃபிரெடி மெர்குரியும் ஓபரா பாடகி மொன்செராத் கபாயேயும் சேர்ந்து பாடினார்கள். இப்படித் திறந்தவெளியில் இருந்த கிளப்புகளுக்குக் கூரை வந்தது அதற்குப் பிறகுதான். சத்தம் பற்றிய விதிகள் அதைக் கொண்டுவந்தன.

ஆல்ஃபிரெடோ 2024 டிசம்பரில் காலமானார். கையில் காசில்லாமல் வந்து இறங்கி, ஒரு மூலையில் படுத்து, மெல்ல மெல்ல ஒரு இடத்தைப் பிடிப்பது அவர் காலத்தில் நடந்தது. இன்று ஒருவர் அப்படி வந்து இறங்கினால் படுக்க மூலை கிடைக்காது. இந்தக் கட்டுரைக்காக இபிசா வேலை விளம்பரங்களைப் படிக்க ஆரம்பித்தபோது டிஜேக்களைப் பற்றியும் கடற்கரை வாழ்க்கையைப் பற்றியும் எழுதத்தான் எண்ணம் இருந்தது. படிக்கப் படிக்க, வேலை கேட்பவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரே கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்னால் அவர்கள் கேட்பது, தங்க இடம் தருவீர்களா என்பதுதான்.

தீவின் பரப்பு சுமார் 570 சதுர கிலோமீட்டர். நிரந்தரமாக வாழ்பவர்கள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். ஆண்டுக்கு வந்துபோகும் பயணிகள் முப்பது லட்சத்துக்கும் மேல், அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை. வருகிறவர்களுக்குச் சமைக்க, பரிமாற, அறை சுத்தம் செய்ய, கார் ஓட்ட, கிளப் வாசலில் நிற்க வெளியிலிருந்து ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களும் இரவில் எங்காவது படுத்தாக வேண்டும். பயணிகளுக்கு ஒரு வாரத்துக்கு விட்டாலே கைநிறையப் பணம் கிடைக்கிற வீட்டை, மாத வாடகைக்கு ஒரு பார் ஊழியருக்கு விட எத்தனை வீட்டுக்காரர்கள் முன்வருவார்கள்? அடுக்குமாடி வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தும் திருட்டுத்தனமாக விடுவது நிற்கவில்லை. தீவிலேயே வேலை பார்க்கும் பலருக்கு வீடு அக்டோபர் முதல் மே வரைதான். ஜூன் வந்தால் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 2025-ல் ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியம் 1,184 யூரோ, ஆண்டுக்கு 14 தவணை. பன்னிரண்டு மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 1,381 யூரோ வரும், அதுவும் பிடித்தங்களுக்கு முன்னால். ஓட்டல், பார் தொழிலாளர்களுக்கான கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். 2025 கோடையில், இபிசாவும் சேர்ந்த பலேயாரிக் தீவுகளின் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்து, மூன்று ஆண்டுகளில் 13.5 சதவீத உயர்வை வாங்கின. நல்ல வெற்றிதான். ஆனால் கோடையில் இபிசாவில் ஒரு அறைக்கு 800 யூரோ, 1,000 யூரோ கேட்பது சாதாரணம். முழு வீட்டுக்கு அல்ல, பிறரோடு சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் அறைக்கு. வாங்கிய சம்பளத்தில் பாதிக்கு மேல் படுக்கைக்கே போய்விடும். மிச்சத்தில் சாப்பாடு, பஸ், ஃபோன். கிளப் நுழைவுச்சீட்டு விற்கும் விலைக்கு, அங்கே வேலை செய்பவர் காசு கொடுத்து உள்ளே போக முடியாது. தெரிந்தவர் யாராவது வாசலில் நின்றால் உண்டு.

இதனால்தான் கேட்கவே சங்கடமான ஏற்பாடுகள் அங்கே வழக்கமாகிவிட்டன. ஓர் அறையில் அடுக்குக் கட்டில்கள் போட்டு ஆறு பேர், எட்டு பேர். ஒரே கட்டிலில் இரவு ஷிஃப்ட்காரர் பகலிலும், பகல் ஷிஃப்ட்காரர் இரவிலும் மாற்றி மாற்றித் தூங்குவது. பால்கனியில் மெத்தை போட்டு அதற்கு மாத வாடகை கேட்ட விளம்பரங்கள் ஸ்பெயினின் நாளேடுகளில் செய்தியாக வந்தன. ஆசிரியர்களும் செவிலியர்களும் காவலர்களுமே தீவுக்கு மாற்றல் என்றால் தயங்குகிறார்கள். பக்கத்துத் தீவான மயோர்காவில் வீடு வைத்துக்கொண்டு விமானத்தில் இபிசாவுக்குப் போய் வகுப்பெடுத்துத் திரும்பும் ஆசிரியர்களைப் பற்றிச் செய்திகள் வந்திருக்கின்றன. அரசுச் சம்பளம் வாங்குபவருக்கே இந்தக் கதி என்றால், முதுகுப்பையோடு இறங்கும் இளைஞருக்கு என்ன ஆகும்?

வேன், கேரவன், கூடாரம் என்பதுதான் அடுத்த வழி. இன்ஸ்டாகிராமில் அது அழகான வாழ்க்கையாகத் தெரியும். நேரில் தண்ணீர்க் குழாய் இருக்காது, கழிப்பறை இருக்காது, ஆகஸ்ட் வெயிலில் தகரத்துக்குள் பகல் தூக்கம் வராது. கான் ரோவா என்ற இடத்தில் வேன்களிலும் குடிசைகளிலும் கூடாரங்களிலுமாகச் சுமார் 200 பேர், குழந்தைகள் உட்பட, வாழ்ந்துவந்தார்கள். தீவின் ஓட்டல்களிலும் கட்டட வேலைகளிலும் உழைத்தவர்கள் அவர்களில் பலர். நீதிமன்ற உத்தரவின்படி 2024 ஜூலை கடைசியில், சீசன் உச்சத்தில் இருந்தபோது, அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள் அன்று மாலை புதிதாக இடம் தேடி அலைந்தார்கள். 2025-லிருந்து வெளியூர் வாகனங்களுக்குக் கோடை உச்சவரம்பும் வந்துவிட்டது. கேரவனோடு தீவுக்குள் வர வேண்டுமானால் முகாம் மைதானத்தில் இடம் பதிவுசெய்ததைக் காட்ட வேண்டும். சாலைகள் தாங்காது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் வேனை நம்பியிருந்த தொழிலாளிக்குக் கடைசிக் கதவும் அதனால் மூடியது.

பலேயாரிக் தீவுகளில் 2022-ல் வந்த சுற்றுலாச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. அறை சுத்தம் செய்யும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து மெத்தையைத் தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்துபோகிறார்கள் என்பதால், தூக்கி இறக்கும் வசதியுள்ள கட்டில்களை விடுதிகளில் கட்டாயமாக்கியது. அந்தப் பெண்கள் வருடக்கணக்கில் போராடி வாங்கிய உரிமை அது. விருந்தாளியின் கட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் எழுத முடிந்திருக்கிறது. அந்தக் கட்டிலை விரிக்கிறவள் இரவில் எங்கே படுப்பாள் என்பதையும் எழுதியிருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

தங்குமிடத்தோடு வேலை தருகிறவர்களும் இருக்கிறார்கள். சில நிறுவனங்கள் பழைய விடுதிகளையே வாங்கி ஊழியர் குடியிருப்பாக மாற்றியிருக்கின்றன. பார்த்தவுடன் நிம்மதியாக இருக்கும். எனக்கு இதிலும் பயம் உண்டு. படுக்கை முதலாளியுடையது என்றால், வேலை போன அன்றே படுக்கையும் போய்விடும். பன்னிரண்டு மணி நேரம் நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். வார விடுமுறையை வெட்டினால் வாயைத் திறக்க முடியாது. மேலதிகாரி ஒருவர் ஒரு பெண்ணிடம் அத்துமீறிப் பேசினால் அன்றிரவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப அவளுக்கு வேறு இடம் இல்லை. ஆகஸ்ட் மாதத்தில் தெருவில் நிற்கப் பயந்து எத்தனை விஷயங்களை விழுங்குகிறார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

ஸ்பெயினின் தொழிலாளர் சட்டம் மோசமானதல்ல, அதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் நிறைவேறிய சீர்திருத்தத்துக்குப் பிறகு, பருவகால வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் நிரந்தரப் பருவகால ஒப்பந்தம் போட வேண்டும். அடுத்த சீசனில் அதே தொழிலாளியைத் திரும்ப அழைக்கும் கடமை அதில் உண்டு. தேவையான நாட்கள் வேலை செய்திருந்தால் குளிர்காலத்தில் வேலையின்மை உதவித்தொகை கேட்கலாம். ஆனால் இதெல்லாம் காகிதம் உள்ளவருக்கு. அதாவது வெளிநாட்டவர் எண், சமூகப் பாதுகாப்புப் பதிவு, கையெழுத்தான ஒப்பந்தம் உள்ளவருக்கு. ஒப்பந்தம் இல்லாமல் கையில் காசு வாங்குகிறவருக்கு அடிபட்டாலும் யாரையும் பொறுப்பாக்குவது கடினம், கூலி தராமல் ஏமாற்றினாலும் நிரூபிப்பது கடினம்.

பிரிட்டன் இளைஞர்கள் இப்போது வந்து விழுவது இந்த ஒப்பந்தமில்லாத நிலையில்தான். 2020 டிசம்பர் 31 வரை ஸ்பெயினில் வேலை செய்ய அவர்களுக்கு விசா தேவைப்படவில்லை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 180 நாட்களில் 90 நாட்கள் சுற்றிப்பார்க்கலாம், வேலை செய்யக் கூடாது. அயர்லாந்து பாஸ்போர்ட் வைத்திருக்கும் தோழன் சட்டப்படி பாரில் நிற்க, உடன் வந்த லிவர்பூல்காரன் கமிஷனுக்கு டிக்கெட் விற்கிறான். விற்றால் காசு, விற்காவிட்டால் பட்டினி. அந்த விற்பனையும் முன்போல் இல்லை. குடிவெறிச் சுற்றுலாவைக் கட்டுப்படுத்த 2020-ல் வந்த பலேயாரிக் ஆணை, தீவின் சான் அந்தோனியோ ஊரின் இரவுத் தெருக்களில் பார் பாராக ஆட்களைக் கூட்டிச் செல்வதையும் படகு விருந்து விளம்பரத்தையும் தடைசெய்தது. புதிதாக வருகிறவருக்கு எளிதாகக் கிடைத்துவந்த வேலைகள் இவை. இப்படிப்பட்ட ஒருவருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு நல்ல வீட்டுக்காரர் யாரும் அறை தர மாட்டார். மறுபடியும் பால்கனி மெத்தைக்குத்தான் வந்து சேருகிறார்.

கடற்கரையில் படுத்தாவது அந்தக் கோடையை வாழ்ந்தோம், இன்றைக்கும் வருத்தமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். கட்டில் கிடைக்காமல் ஜூலையிலேயே ஊர் திரும்பியவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

உள்ளூர் மக்களின் கோபமும் இதோடு சேர்ந்ததுதான். 2024 மே மாதம் இபிசா நகரில் அவர்கள் திரண்டு போராடியபோது, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இங்கே குடியிருக்க வீடில்லை என்பது முக்கிய முறையீடுகளில் ஒன்றாக இருந்தது. அந்தக் கோபம் பருவகாலத் தொழிலாளியின் மேல் திரும்பிவிடக் கூடாது என்பது என் கவலை. இருவரும் தேடுவது ஒரே அறையை. அந்த அறை வார வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கும்வரை இரண்டு பேருக்குமே அது கிடையாது. விளம்பரத்தில் வரும் தீவையும் அதற்குப் பின்னால் ஓடி ஓடி வேலை செய்கிற தீவையும் ஒரே இடமாகப் பார்க்கத் தெரிந்த நிர்வாகம் அங்கே வேண்டும். ஊழியர்களுக்கான குடியிருப்பைக் காட்டாமல் எந்தப் புதிய விடுதிக்கும் அனுமதி தராத நிர்வாகம் வேண்டும்.

இங்கிருந்து இதைப் படிக்கிற இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் ஷெங்கன் சுற்றுலா விசா வாங்கிக்கொண்டு போய் இபிசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. முறையான வேலை அனுமதியோ, ஐரோப்பியக் குடியுரிமையோ, அங்கே வேலை செய்ய வேறு ஏதாவது உரிமையோ உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் ஒப்பந்தத்தில் வேலை நேரம், வார விடுமுறை, சம்பளத் தேதி ஆகியவற்றோடு, எந்த முகவரியில், எத்தனை பேரோடு, எந்தத் தேதிவரை படுக்கை என்பதும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அறையை நேரில் பார்க்காமல், அல்லது நம்பகமான ஒருவரைப் பார்க்கச் சொல்லாமல், அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். இல்லாத வீட்டின் படத்தைக் காட்டிப் பணம் பறிப்பது அங்கே ஒவ்வொரு வசந்தத்திலும் நடக்கிறது. வேலை போனாலும் இரண்டு வாரம் தாங்கும் பணமும் திரும்பி வர டிக்கெட் காசும் தனியே இருக்கட்டும். முகவரி கையில் வந்த பிறகு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.