குளிர் சாதனத்துக்கும் ஜோடிப் பொருத்தம் உண்டு

எங்கள் குளத்தூரில் குளிர் என்றால் மார்கழி விடியலில் கோலம் போடும்போது விரல் நுனி கொஞ்சம் மரத்துப் போகுமே, அவ்வளவுதான். மற்றபடி புதுக்கோட்டைச் சீமை முழுவதும் வெயிலின் ராஜ்யம். சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுக்காரர்கள் திண்ணையிலும், மெத்தை வீட்டுக்காரர்கள் தண்ணீர் தெளித்த மொட்டை மாடியிலும் பாயை விரித்துவிடுவோம். வீட்டைச் சூடு பண்ணுவதற்கு ஓர் இயந்திரமா என்று இங்கே யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். 2024 பிப்ரவரியில் தங்கையின் பிரசவத்துக்காகக் கனடா போய், டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தேன். பிரசவம் பார்க்க அமெரிக்கா, கனடா என்று போகிற அம்மாக்களும் அக்காக்களும் நம் வாசகிகளில் நிறையப் பேர் இருப்பார்கள். அந்த வீடுகளின் அடித்தளத்தில் நிற்கும் பெட்டியைப் பற்றி அவர்களுக்குக் கொஞ்சம் சொல்லி வைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அங்கே அறைக்கு ஒரு ஏ.சி. கிடையாது. வீடு முழுவதுக்கும் ஒரே ஏற்பாடுதான். தரைக்குக் கீழே 'பேஸ்மென்ட்' என்று ஓர் அறை. அதில் நம் பீரோ உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி. அதன் பெயர் ஃபர்னஸ். குழாயில் வரும் எரிவாயு அதற்குள் எரிகிறது. எரிந்த புகை ஒரு உலோகக் கூட்டுக்குள் சுற்றிவிட்டுத் தனிக் குழாய் வழியே வெளியே போய்விடும். அந்தக் கூட்டின் வெளிப்புறத்தில் வீட்டுக் காற்றை ஒரு பெரிய விசிறி ஊதித் தள்ளும். காற்று சூடாகித் தகரக் குழாய்கள் வழியே ஒவ்வோர் அறைக்கும் ஏறும். புகையும் நாம் சுவாசிக்கும் காற்றும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கோடை வந்தால் எரிவாயு எரியாது. அதே பெட்டியின் தலைமேல் கூரை மாதிரிச் சாய்ந்த செம்பு அல்லது அலுமினியக் குழாய்ச் சுருள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து இரண்டு செம்புக் குழாய்கள் சுவரைத் துளைத்துக் கொல்லைப்புறத்தில் நிற்கும் இன்னொரு பெட்டிக்குப் போகின்றன. நம் ஊர் ஸ்ப்ளிட் ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்கு அது அண்ணன் முறை. சுருள் குளிரும், அதன் மேல் காற்றை ஊதுவது அதே பழைய விசிறிதான். ஆக, அனலுக்கும் குளிருக்கும் நுரையீரல் ஒன்றே.

இன்னொரு சங்கதி. எரிவாயுவில் எரியும் அடுப்பிலிருந்து பல குழாய்கள் மூலம் வெவ்வேறு அறைகளுக்குச் சூடான காற்றை அனுப்பும் யோசனைக்கு 1919-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது ஒரு பெண். நியூ ஜெர்சியைச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணி ஆலிஸ் பார்க்கர். விறகும் கரியும் சுமக்கிற சிரமம் அடுப்படியில் நிற்பவளுக்குத்தானே தெரியும்! குளிர் சாதனத்தை 1902-ல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்ததோ மனிதர்களுக்காகவே இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக் காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகிப் போயின. அதைச் சரிசெய்ய வந்தது அது.

குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள். இரவெல்லாம் காற்றோடு பனி கொட்டியது. விடியற்காலை மூன்று மணிக்குக் குழந்தை வீல் என்று அழ, எழுந்து பார்த்தால் வீடு சில்லிட்டுக் கிடக்கிறது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் இருபத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து. ஃபர்னஸ் நின்றுவிட்டது. தாயையும் பிள்ளையையும் ஒரே போர்வைக்குள் போட்டு, சின்ன மின்சார ஹீட்டரைத் தூர வைத்துவிட்டு, "அக்கா, பிள்ளை காலு சில்லுனு இருக்கே" என்று அழுகிறவளுக்கு நான் தைரியம் சொல்லிக் கொண்டிருந்தேன். தங்கை வீட்டுக்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தார். பக்கச் சுவரில் நீட்டிக் கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்களைப் பனி மூடியிருந்தது. ஒன்று காற்று இழுப்பது, ஒன்று புகை விடுவது. மண்வெட்டியால் பனியைத் தள்ளி வாயைத் திறந்துவிட்டு, பெட்டியை நிறுத்திப் போட்டதும் அது உயிர் பெற்றது.

மறுநாள் வந்த மெக்கானிக் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. குழாய் அடைபட்டால் உள்ளே இருக்கும் ஒரு சுவிட்ச் அதை உணர்ந்து எரிவாயுவை நிறுத்திவிடும். அது கோளாறு இல்லை, காவல். நிறுத்தாமல் எரிந்துகொண்டே இருந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. சமையல் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்கிறது என்றால், அந்த நாற்றத்தை வேண்டுமென்றே சேர்த்திருப்பதால்தான். இந்த விஷத்துக்கு அப்படி எதுவும் இல்லை. தலைவலி, குமட்டல், அசதி, பிறகு தூக்கம். 2008-ல் அதே ஒன்டாரியோ மாகாணத்து வுட்ஸ்டாக் ஊரில், எரிவாயுக் கணப்பின் புகைப்போக்கி அடைபட்டுத் தாய், தகப்பன், இரண்டு குழந்தைகள் என்று ஒரு குடும்பமே போய்விட்டது. வீட்டில் அபாய மணி இல்லை. அந்தத் தாயின் சித்தப்பா முறையான, ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் ஜான் கிக்னாக் விடாமல் போராடியதால் 2013-ல் சட்டம் வந்தது. இப்போது அங்கே எரிவாயுச் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் அந்த மணி கட்டாயம். போனவுடன் அது இருக்கிறதா, பொத்தானை அமுக்கினால் அலறுகிறதா என்று பாருங்கள். கூச்சப்படாதீர்கள்.

பனி கரைந்து மே மாதம் வந்தது. ஏ.சி. குளிரவே இல்லை. பெட்டிகள் இரண்டுக்கும் பத்தொன்பது வயசு. முதலில் வந்தவர் வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்காமல், "வெளிப்பெட்டியை மட்டும் மாற்றிவிடலாம், இரண்டு டன்னுக்குப் பதில் மூன்று டன் போடுங்கள், ஜில்லென்று இருக்கும்" என்றார். விலையும் குறைவு. தங்கை வீட்டுக்காரருக்கு ஆசை. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா மட்டும், "அவசரப்படாதேங்கோ தம்பி, இன்னொரு ஆளையும் கேளுங்கோ" என்றார். இரண்டாவதாக வந்தவர் ஜன்னல்களை அளந்தார், எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று கேட்டார், மேல்மாடப் பரணில் ஏறி வெப்பத் தடுப்புப் பஞ்சு எவ்வளவு கனம் என்று பார்த்தார். பெண் பார்க்க வந்த மாமியார்கூட இவ்வளவு கேட்க மாட்டாள்!

அவர் சொன்ன கணக்கை என் பாஷையில் சொல்கிறேன். ஒரு டன் ஏ.சி. என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ. வெப்பத்தை வெளியேற்றுவது. ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்கக் கரைந்தால் கிடைக்கும் குளிர்ச்சி அது. பெயரும் அப்படி வந்ததுதான். ஒவ்வொரு டன்னுக்கும் நிமிஷத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று வேண்டும். மூன்று டன் என்றால் 1,200. கீழே இருக்கும் விசிறியும் தகரக் குழாய்களும் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாவிட்டால் சுருளில் ஐஸ் கட்டிவிடும். அதோடு பெரிய ஏ.சி. சீக்கிரமே குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை வடிக்க அதற்கு நேரம் போதாது. வீடு சில்லென்று இருக்கும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும். ஃபர்னஸும் அப்படித்தான்: தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் அனலாய் அடித்துவிட்டு நிற்கும், மறுபடி அடிக்கும்.

வாயு விஷயமும் உண்டு. பழைய பெட்டி ஆர்-22 என்ற வாயுவில் ஓடியது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் அமெரிக்காவில் 2020 முதல் அதைப் புதிதாகத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ முடியாது. கனடாவிலும் வரத்து அந்த ஆண்டோடு ஏறக்குறைய நின்றது. அதன் பின் வந்த 410ஏ வாயுவின் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல். உள்ளே பழைய சுருள், வெளியே புதுப் பெட்டி என்று முடிச்சுப் போட்டால் நிலைக்குமா? இப்போது அந்த 410ஏ-க்கும் காலம் முடிகிறது. 2025 ஜனவரி முதல் அமெரிக்காவில் புதிய வீட்டு ஏ.சி.க்களை அதைப் போட்டுச் செய்யக்கூடாது. ஆகவே யார் வாங்கினாலும் வெளிப்பெட்டி, சுருள், ஃபர்னஸ் விசிறி மூன்றும் சேர்ந்து சோதிக்கப்பட்ட ஜோடியா என்று கேட்க வேண்டும். ஏ.எச்.ஆர்.ஐ. என்ற அமைப்பு இப்படிப்பட்ட ஜோடிகளுக்குச் சான்று எண் தருகிறது. விளம்பரத்தில் போடும் மின்சாரச் சிக்கனமெல்லாம் அந்த ஜோடிக்குத்தான், தனிப்பெட்டிக்கு இல்லை.

கடைசியில் இரண்டு டன் ஏ.சி.யும், ஒரு லட்சம் பி.டி.யூ. இருந்த இடத்தில் அறுபதாயிரம் பி.டி.யூ. ஃபர்னஸும் வந்தன. நூறு பங்கு எரிவாயுவில் தொண்ணூற்றாறு பங்கு சூடாக வீட்டுக்கே கிடைக்கும் ரகம். அங்கே 2019 ஜூலை முதல் செய்யப்படும் வீட்டு ஃபர்னஸ்களுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. செலவு ஒன்பதாயிரம் டாலர், நம் பணத்தில் ஐந்தரை லட்சம். கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. ஆனால் ஜூலை மாதப் புழுக்கத்தில் குழந்தைக்கு ஒரு வேர்க்குருகூட வரவில்லை.

அந்த வீட்டில் போய் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது அதிகமில்லை. ஃபில்டரை மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடைத்திருந்தால் மாற்றுவது. அதில் போட்டிருக்கும் அம்புக்குறி விசிறிப் பக்கம் பார்க்க வேண்டும். தரையில் காற்று வரும் சல்லடை மேல் சோபாவையோ ஜமக்காளத்தையோ போடக்கூடாது. சுருளிலிருந்து தண்ணீர் வடியும் குழாயில் பாசி அடைக்காமல் பார்ப்பது. தாளிக்கும்போது அடுப்பு மேலே இருக்கும் விசிறியைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே காற்று வீடு முழுக்கச் சுற்றுகிறதே, வெங்காய சாம்பார் வாசனை மாடிப் படுக்கையறை வரை குடியேறிவிடும்!

நமக்கென்ன இதில் என்கிறீர்களா? நம் ஸ்ப்ளிட் ஏ.சி.யும் ஒரு ஜோடிதான். போன சித்திரையில் எங்கள் வீட்டுப் பெட்டி கெட்டபோது, வேறு கம்பெனி வெளிப்பெட்டியைப் பழைய விலைக்குக் கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்றார் ஒருவர். "உள்பெட்டியும் அதுவும் ஒரே டன்னா, ஒரே வாயுவா? இரண்டையும் சேர்த்துக் கம்பெனிக்காரன் போட்ட நட்சத்திர லேபிளைக் காட்டுங்க தம்பி" என்று கேட்டேன். அவர் திரும்பி வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று. 2020 முதல் விற்கும் நட்சத்திர ஏ.சி.க்கள் போட்டவுடன் இருபத்துநாலு டிகிரியில் நிற்கும்படி நம் அரசாங்கமே வைத்திருக்கிறது. அதைப் பதினெட்டுக்கு இறக்குகிற பிள்ளைகளிடமிருந்து ரிமோட்டை வாங்கி வையுங்கள்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னொன்று கேளுங்கள். வுட்ஸ்டாக் வீட்டில் வந்த அதே விஷம் அதிலும் வரும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிக்கவே வேண்டாம். கீசரை வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டு வரச் சொல்லுங்கள். பிளம்பருக்கு அரை நாள் வேலைதான்.