நந்தினியின் கயிறு யார் கையில்?

பெங்களூரு: பன்னேர்கட்டா சாலை தொடங்கும் இடத்துக்கு "டெய்ரி சர்க்கிள்" என்று பெயர். 1965-ல் செயல்படத் தொடங்கிய அரசுப் பால் பண்ணையால் வந்த பெயர் அது. கர்நாடகக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் கூட்டமைப்பின் தலைமையகமும் அருகிலேயே இருக்கிறது. "நந்தினி" என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பால் விற்கும் இந்த அமைப்பைச் சுற்றிச் சில ஆண்டுகளாக நடந்துவரும் சண்டை தில்லியின் கூட்டுறவு அமைச்சகம், தமிழகத்தின் கிருஷ்ணகிரி, கேரளத்தின் பால் விற்பனை நிலையங்கள் எனப் பல திசைகளில் பரவியிருக்கிறது.

வெளிப்பார்வைக்கு இது பால் பாக்கெட் சண்டை. ஆனால், இரண்டு மாடு வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளருக்கு அரசு எப்படி உதவ வேண்டும், உதவும் அரசு அவருடைய சங்கத்தை ஆளவும் உரிமை பெற்றதா, அந்த உரிமை மாநிலத்துக்கா மத்திய அரசுக்கா என்ற கேள்விகள்தாம் இதன் உள்ளே இருப்பவை.

தேர்தல் களத்தில் பால்

2022 டிசம்பர் 30-ம் தேதி மண்டியா மாவட்டத்தில் பால் பண்ணை ஒன்றைத் திறந்து வைத்த மத்திய உள்துறை மற்றும் கூட்டுறவுத் துறை அமைச்சர் அமித் ஷா, அமுலும் நந்தினியும் இணைந்து செயல்பட்டால் மூன்று ஆண்டுகளில் கர்நாடகத்தின் ஒவ்வொரு கிராமத்திலும் பால் சங்கம் அமையும் என்றார். ஒத்துழைப்பைத்தான் அவர் குறிப்பிட்டார் என்று பாஜகவினர் விளக்கம் அளித்தனர். இணைப்புக்கான முன்னோட்டம் இது என்று காங்கிரஸும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் குற்றம் சாட்டின.

2023 ஏப்ரல் 5-ம் தேதி, பெங்களூரில் பாலும் தயிரும் விற்கப் போவதாக அமுல் அறிவித்தது. சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்தது. நகர ஹோட்டல் உரிமையாளர்கள் சங்கம் நந்தினி பாலையே பயன்படுத்துவோம் என்று அறிவித்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் நந்தினி விற்பனை நிலையங்களுக்குச் சென்றனர். தாங்களும் உழவர்களின் கூட்டுறவு அமைப்பே, நந்தினிக்குப் போட்டியாக வரவில்லை என்ற அமுல் நிர்வாகத்தின் விளக்கம் அந்த ஆரவாரத்தில் எடுபடவில்லை. மே 13-ம் தேதி வெளியான முடிவுகளில் காங்கிரஸ் 135 இடங்களைப் பெற்றது. அதற்குக் காரணங்கள் பல. எனினும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சின்னம் தேர்தல் பிரசாரத்தில் இந்த அளவுக்கு இடம்பெற்றது அரிது.

விலை வித்தியாசத்தின் ரகசியம்

அப்போது நந்தினியின் சமன்படுத்தப்பட்ட பால் லிட்டர் ரூ. 39. அமுல் "தாஸா" பாலுக்கு 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விலை ரூ. 54. அமுலைவிட நந்தினி திறமையாக நடத்தப்படுகிறது என்பதால் மட்டும் 15 ரூபாய் வித்தியாசம் வந்துவிடவில்லை. பெரும் பங்கு மாநில அரசின் கொள்கைக்கு உரியது.

2008-ல் எடியூரப்பா முதல்வராக இருந்தபோது, சங்கத்துக்குப் பால் ஊற்றும் உற்பத்தியாளருக்கு லிட்டருக்கு ரூ. 2 ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. 2013-ல் சித்தராமையா அதை ரூ. 4 ஆக்கினார். பின்னர் அது ரூ. 5 ஆனது. 2023 தேர்தல் அறிக்கையில் ரூ. 7 தருவதாகக் காங்கிரஸ் வாக்குறுதி அளித்தது. ஆட்சிகள் மாறினாலும் எந்தக் கட்சியும் கைவைக்கத் துணியாத திட்டம் இது.

நாளொன்றுக்கு 80 லட்சம் லிட்டர் கொள்முதல், லிட்டருக்கு ரூ. 5 ஊக்கத்தொகை என்று கணக்கிட்டால் தினமும் ரூ. 4 கோடி; ஆண்டுக்கு ரூ. 1,460 கோடி. 2024 ஜூன் இறுதியில் நந்தினியின் ஒருநாள் கொள்முதல் ஒரு கோடி லிட்டரை எட்டியது. கொள்முதல் கூடக் கூட அரசின் சுமையும் கூடும். ஊக்கத்தொகை மாதக்கணக்கில் நிலுவையில் நிற்பதாக எழும் புகார்களுக்கு இதுவே காரணம்.

உதவி ஊக்கத்தொகையோடு முடியவில்லை. 2013 ஆகஸ்டில் தொடங்கிய "க்ஷீர பாக்யா" திட்டத்தில் அரசுப் பள்ளி, அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு 150 மில்லி பால் வழங்கப்பட்டது. குழந்தைக்கு ஊட்டம் கிடைத்தது. கிடங்கில் தேங்கிய பால் பவுடருக்கு நிச்சயமான சந்தையும் கிடைத்தது. 2020 ஊரடங்கில் ஹோட்டல்கள் மூடப்பட்டு விற்பனை சரிந்தபோது, மிஞ்சிய பாலை அரசே வாங்கி ஏழைகளுக்கு இலவசமாக வழங்கியது. சங்கம் கொள்முதலை நிறுத்தியிருந்தால் கறந்த பாலைக் கொட்டுவதைத் தவிர உழவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

பாலுக்கு மட்டும் இத்தனை சலுகை ஏன்? நெல்லை மூட்டை கட்டி வைத்து விலை வரும்வரை காத்திருக்கலாம். பால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். விற்றே ஆக வேண்டியவரால் பேரம் பேச முடியாது. பால் பெருகும் பருவத்தில் தனியார் நிறுவனம் விலையைக் குறைக்கலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். உறுப்பினரின் பாலை எந்நாளும் வாங்குவது சங்கத்தின் கடமை. 1946-ல் குஜராத்தின் கேடா மாவட்ட உழவர்கள் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் சங்கம் கண்டதற்கும் இதுவே காரணம். அந்த ஆனந்த் மாதிரியைப் பின்பற்றி, உலக வங்கிக் கடனுதவியுடன் 1974-ல் கர்நாடகப் பால்வள மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. 1984-ல் அதுவே இன்றைய கூட்டமைப்பாக மாறியது.

கொடுக்கும் கையும் தடுக்கும் கையும்

உதவிக்கு ஒரு விலையும் உண்டு. 2022 நவம்பரில் பால் விலையை லிட்டருக்கு ரூ. 3 உயர்த்துவதாகக் கூட்டமைப்பு அறிவித்தது. அப்போதைய முதல்வர் பசவராஜ் பொம்மை உடனே அதை நிறுத்தி வைத்தார். சில நாள்கள் கழித்து ரூ. 2 மட்டும் உயர்ந்தது. 2023-ல் ஆட்சி மாறியது, நடைமுறை மாறவில்லை. கூட்டமைப்பு ரூ. 5 கேட்டது, அமைச்சரவை ரூ. 3-க்கு ஒப்புதல் அளித்தது. 2024 ஜூனில் ரூ. 2 உயர்த்தப்பட்டபோது, விலை உயர்வு என்ற பெயரைத் தவிர்க்க ஒவ்வொரு பாக்கெட்டிலும் 50 மில்லி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்த 50 மில்லி திரும்பப் பெறப்பட்டு, லிட்டருக்கு ரூ. 4 உயர்ந்தது.

உறுப்பினர்களுக்குச் சொந்தமான சங்கம் தன் சரக்கின் விலையைத் தானே நிர்ணயிக்க முடியவில்லை. தீவன விலை ஏறுகிறது. விற்பனை விலை அரசியல் காரணங்களுக்காக அடக்கி வைக்கப்படுகிறது. அந்த இடைவெளியில்தான் கூடுதல் விலை தரும் தனியார் நிறுவனங்கள் கிராமத்துக்குள் நுழைகின்றன. நகர நுகர்வோருக்கு மலிவான பால் என்ற சலுகையின் ஒரு பகுதியை உழவரே சுமக்கிறார் என்பது பால் உற்பத்தியாளர்களின் நீண்டநாள் குறை.

பதவிகளும் அரசியலிலிருந்து விலகி இல்லை. கூட்டமைப்பின் தலைவர் நாற்காலியில் எச்.டி. ரேவண்ணா, பாலச்சந்திர ஜார்கிஹோளி, பீமா நாயக் என்று அரசியல்வாதிகளே அமர்ந்து வந்திருக்கின்றனர். பெங்களூரு பால் ஒன்றியத்தின் தலைவராக 2025 ஜூனில் முன்னாள் எம்.பி. டி.கே. சுரேஷ் தேர்வானார்.

மத்திய அரசின் கையும் இரு விதமாகவே இயங்கியிருக்கிறது. 2022 பட்ஜெட்டில் கூட்டுறவுச் சங்கங்களுக்கான குறைந்தபட்ச மாற்று வரி 18.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பாக்கெட் தயிருக்கும் மோருக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் நெய், வெண்ணெய் மீதான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2023 மார்ச்சில் தயிர் பாக்கெட்டுகளில் "தஹி" என்று அச்சிட வேண்டும் என உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டபோது, தமிழகத்தில் தயிருக்கும் கர்நாடகத்தில் மொசருக்கும் ஒரே நேரத்தில் குரல் எழுந்தது. சில நாள்களில் ஆணையம் பின்வாங்கியது.

கிருஷ்ணகிரியில் அமுல்

பெங்களூரில் எழுந்த புயல் ஓசூரைத் தாண்ட அதிக நாள் ஆகவில்லை. 2023 மே 25-ம் தேதி தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின், அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். கேடா ஒன்றியத்தின் பல மாநிலக் கூட்டுறவு உரிமத்தைப் பயன்படுத்திக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமுல் குளிரூட்டும் மையங்களை அமைத்திருப்பதாகவும், வட மாவட்டங்களில் பால் கொள்முதல் செய்யத் திட்டமிட்டிருப்பதாகவும் அதில் அவர் சுட்டிக் காட்டினார். 9,673 சங்கங்கள் மூலம் சுமார் 4.5 லட்சம் உறுப்பினர்களிடம் ஆவின் நாளொன்றுக்கு 35 லட்சம் லிட்டர் கொள்முதல் செய்வதாகவும் கடிதம் தெரிவித்தது.

இதில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. பிற மாநிலத்தில் பொருளை விற்பது ஒன்று. அங்கே பாலைக் கொள்முதல் செய்வது வேறு. ஒரு மாநிலச் சங்கத்தின் பால்வளப் பகுதிக்குள் இன்னொரு மாநிலச் சங்கம் கொள்முதலுக்கு இறங்குவதில்லை என்பது கூட்டுறவு அமைப்புகள் காத்து வந்த மரபு. அந்த மரபு மீறப்படுகிறது என்பதே தமிழகத்தின் வாதம்.

அதே வேளையில் ஆவினுக்குப் பால் ஊற்றுவோரின் குரல் வேறாக இருந்தது. 2021 மே மாதம் ஆவின் பால் விலை லிட்டருக்கு ரூ. 3 குறைக்கப்பட்டது. 2022 நவம்பரில் பசும்பாலின் கொள்முதல் விலை ரூ. 35 ஆனது. அது போதாது என்று 2023 மார்ச்சில் உற்பத்தியாளர்கள் போராட்டத்தில் இறங்கினர். 2023 டிசம்பரில்தான் லிட்டருக்கு ரூ. 3 ஊக்கத்தொகை வந்தது. அமுலின் வருகை அரசை விரைவுபடுத்தியது என்று உற்பத்தியாளர்கள் சொன்னால் மறுப்பது கடினம்.

கேரளத்தில் தலைகீழ்க் காட்சி

அமுலிடமிருந்து பாதுகாப்புக் கேட்ட நந்தினி, அதே 2023-ல் கேரளத்தில் விற்பனை நிலையங்களைத் திறந்தது. அம்மாநிலத்தின் "மில்மா" கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. பெங்களூரில் நந்தினி சொன்ன அதே வாதங்களை மில்மா நந்தினிக்கு எதிராகச் சொன்னது. 2024 நவம்பர் 21-ம் தேதி முதல்வர் சித்தராமையா தலைநகர் தில்லியிலேயே நந்தினி பால் விற்பனையைத் தொடங்கி வைத்தார்.

2025 ஜூனில் பெங்களூரு மெட்ரோ நிலையங்களில் அமுல் விற்பனையகங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது மீண்டும் கூச்சல் எழுந்தது. டெண்டரில் அமுல் பங்கேற்றது. நந்தினி பங்கேற்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது. எஞ்சிய எட்டு நிலையங்களை நந்தினிக்குத் தருமாறு துணை முதல்வர் டி.கே. சிவகுமார் உத்தரவிட்டார். அரசின் ஆதரவு எப்போதும் உண்டு என்ற நம்பிக்கை ஒரு நிறுவனத்தை எவ்வளவு சோம்பலாக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சட்டம் சொல்வது

அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 32-வது இனம் கூட்டுறவுச் சங்கங்கள். ஒரு மாநிலத்துக்குள் அடங்காத சங்கங்கள் மட்டுமே மத்திய அரசின் வரம்புக்குள் வரும். 2011-ம் ஆண்டின் 97-வது சாசனத் திருத்தம் மாநிலச் சங்கங்களின் தேர்தல், தணிக்கை போன்றவற்றுக்கும் விதிகளை வகுத்தது. மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்பதால், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூலை 20-ம் தேதி தீர்ப்பளித்தது. மத்தியில் கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் உருவாக்கப்பட்டு அப்போது இரண்டு வாரமே ஆகியிருந்தது குறிப்பிடத்தக்கது.

2023-ல் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலச் சட்டத்தின் கீழ் உள்ள சங்கம், மூன்றில் இரு பங்கு ஆதரவுடன் தீர்மானம் நிறைவேற்றிப் பல மாநிலச் சங்கத்துடன் இணைய அது வழிவகுக்கிறது. இது உறுப்பினர்களின் விருப்பம் மட்டுமே என்கிறது மத்திய அரசு. மாநில அதிகாரத்தைப் பின்வாசல் வழியாகப் பறிக்கும் முயற்சி என்கின்றன எதிர்க்கட்சிகள். கூட்டுறவுப் பால் கொள்முதலை ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் உயர்த்தும் திட்டத்தை 2024 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்த பின்னர் இந்த வாதம் மேலும் கூர்மை பெற்றுள்ளது.

இரு தரப்பும் பேசாத மூன்றாவது வழி ஒன்று ஏட்டில் இருக்கிறது. அரசிடம் பங்கு மூலதனம் பெறாத சங்கங்களுக்குத் தன்னாட்சி தரும் சட்டத்தை 1995-ல் ஆந்திரம் இயற்றியது. கர்நாடகத்தின் "சௌஹார்த" கூட்டுறவுச் சட்டம் 1997-ல் நிறைவேறி 2001-ல் நடைமுறைக்கு வந்தது. கடன் சங்கங்கள் பல அதன் கீழ் வந்தன. பால் ஒன்றியங்களோ 1959-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே, பதிவாளரின் பார்வையில் தொடர்கின்றன.

ஊக்கத்தொகை நிறுத்தப்பட வேண்டும் என்று எவரும் கோரவில்லை. வளர்ந்த நாடுகள் பலவும் தங்கள் பால் உற்பத்தியாளர்களைக் கைவிட்டதில்லை. 2019 நவம்பரில் ஆசிய வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியதற்கு, நியூசிலாந்து பால் பொருள்கள் குறித்த அச்சமும் ஒரு காரணம். எவ்வளவு ஊக்கத்தொகை, எந்தத் தேதியில் வரும் என்பது சட்டப்படி உறுதியாக வேண்டும். விலை நிர்ணயம் சங்கத்திடம் விடப்பட வேண்டும். நிர்வாகத் தேர்தல் கட்சி பேரத்திலிருந்து விடுபட வேண்டும். இவை மூன்றும் நடந்தால் அமுல் வந்தாலும் நந்தினி அஞ்சத் தேவையில்லை. ஆவினும் அஞ்சத் தேவையில்லை.

கயிறு பெங்களூரில் இருக்க வேண்டுமா, தில்லியில் இருக்க வேண்டுமா என்று இரு அரசுகளும் வாதிடுகின்றன. மாட்டுக்குத் தீவனம் வைப்பவர் கையில் இருக்கட்டும் என்று சொல்ல இன்னும் ஒரு கட்சியும் முன்வரவில்லை.