ஒலி மாறினால் காட்சியும் மாறும்

பிரிட்ஸ் லாங் இயக்கி 1927இல் வெளிவந்த ஜெர்மானிய அறிவியல் புனைவுப் படம் 'மெட்ரோபோலிஸ்'. நிலத்தடியில் இயந்திரங்களோடு உழலும் தொழிலாளர்கள், மேலே வசதியாக வாழும் முதலாளிகள் எனப் பிரிந்த எதிர்கால நகரமே கதைக்களம். அது மௌனப் படம். அதற்கென இசைக்குழுவுக்கு இசை எழுதப்பட்டது.

2000ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகர இசைக்கலைஞர் ஜெஃப் மில்ஸ் அப்படத்திற்குப் புதிதாக மின்னணு இசை அமைத்தார். திரையில் படம் ஓட, கருவிகளை இயக்கி நேரடியாகவே இசைத்தார். கார் தொழிற்சாலைகளின் நகரான டெட்ராய்ட்டில் 1980களில் உருவானது 'டெக்னோ' இசை. அதில் ஒரே தாளம் இயந்திரம்போலத் திரும்பத் திரும்ப வரும். இயந்திர நகரின் கதைக்கு அது பொருந்தியதில் வியப்பில்லை.

இதை என் எட்டாம் வகுப்பில் முயன்றேன். தொழிலாளர்கள் தலைகுனிந்து, ஒரே சீராக அடியெடுத்து ஷிப்ட் மாறும் காட்சியை ஒலியின்றிக் காட்டினேன். சிலர் சிரித்தனர். அடுத்து, மாணவர்களையே மேசையில் சீராகத் தட்டச் சொல்லி அதே காட்சியைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. கேட்டாலும் வாய் திறக்காத கடைசி வரிசை மாணவி, "எங்கப்பா மில்லுல இருந்து இப்படித்தான் சார் வருவாரு" என்றாள். "அவங்க ஏன் சார் நிமிர்ந்தே பார்க்கல?" என்றும் கேட்டாள். அந்தக் கேள்வியே அன்றைய பாடமானது.

இரண்டு நிமிடக் காட்சியும் ஒரு மேசையும் போதும். ஒலியின்றி ஒருமுறை, ஒலியோடு ஒருமுறை காட்டி, என்ன மாறியது என்று கேளுங்கள். பேசாத பிள்ளையின் பதிலுக்குச் சற்றுக் காத்திருங்கள்.