மென்பொருளும் வன்பொருளும் இணங்காதபோது

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எருத்தேன்பதி அமைந்துள்ளது. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இத்தகைய எல்லைப் பகுதிகளில் கணிப்பொறி வழக்கமும் இருவகைப்படுகிறது. கேரளத்தில் 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், 2017-இல் அதன் வழித்தோன்றலாக அமைந்த கைட் நிறுவனமும் பள்ளிகளில் லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற மென்பொருளைப் பரப்பின. கடைகளில் விற்கப்படும் உபகரணங்களோ பெரும்பாலும் விண்டோஸ் முறையைக் கருதியே அமைக்கப்படுகின்றன. ஆகவே, கடையில் செவ்வனே இயங்கிக் காட்டிய அச்சுப்பொறி பள்ளிக்கு வந்ததும் வாளாவிருத்தல் வியப்பன்று. அதனைப் பழுதென ஒதுக்குமுன் காரணத்தை முறைப்படி ஆராய்தல் வேண்டும்.

இயக்கி என்னும் துபாஷி

கணிப்பொறியை ஆளும் மென்பொருள் இயங்குதளம் எனப்படும். ஒவ்வோர் உபகரணமும் தனக்கே உரிய முறையில் ஆணைகளை ஏற்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று ஆணைகளை மாற்றியுரைக்கும் சிறு மென்பொருளே டிரைவர், அதாவது இயக்கி. மொழி அறியா இருவருக்கு நடுவே நிற்கும் துபாஷிக்கு இதனை ஒப்பிடலாம். துபாஷி இல்லையேல் இருவரும் நல்ல உடல்நலத்துடன் இருந்தும் பேச்சு நடவாது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட இயக்கி லினக்ஸில் பயன்படாது.

ஆராயும் முறை

முதலாவதாக, மின்னிணைப்பையும் கம்பிவடத்தையும் சோதித்து, வேறொரு துளையில் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவதாக, உபகரணம் கணிப்பொறியின் கண்ணுக்குப் புலனாகிறதா என அறிதல் வேண்டும். லினக்ஸில் டெர்மினல் திரையைத் திறந்து எல், எஸ், யு, எஸ், பி என்னும் ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டினால், யு.எஸ்.பி. வழி இணைந்த உபகரணங்களின் பட்டியல் தோன்றும். அச்சுப்பொறியின் பெயர் அதில் இருப்பின், பெரும்பாலும் கம்பிவடமும் துளையும் குற்றமற்றவை. இயக்கியையே ஐயுற வேண்டும். பெயர் இல்லையெனில் கம்பிவடம், துளை, உபகரணம் ஆகியவற்றுள் ஒன்றே காரணமாதல் கூடும்.

மூன்றாவதாக, புதுப்பித்தலுக்குப் பின்னர்க் குறை தோன்றியிருப்பின், கணிப்பொறி தொடங்கும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து இயக்கிப் பார்க்கலாம். அதில் உபகரணம் இயங்கினால் குறை புதிய பதிப்பினால் நேர்ந்தது எனத் துணியலாம்.

நான்காவதாக, வேறொரு லினக்ஸ் பதிப்பைப் பென்டிரைவிலிருந்து நிறுவாமலே இயக்கிப் பார்த்தல் நன்று. ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என அறிய இயலாது.

பழைய யந்திரங்கள்

சில வேளைகளில் உபகரணத்தினிடமன்றிக் கணிப்பொறியினிடமே பொருத்தமின்மை காணப்படும். 32 பிட் முகவரியால் 429,49,67,296 நினைவக இடங்களையே, அதாவது 4 கிகாபைட்டையே, சுட்டலாம். இவ்வகைச் செயலியில் 64 பிட் இயங்குதளம் ஓடாது. உபுண்டு இயங்குதளத்தில் 2017-இல் வெளிவந்த 17.10 பதிப்பு முதலாக, அதன் மேசைக்கணிப்பொறி நிறுவல் கோப்பு 64 பிட் செயலிக்கே வழங்கப்படுகிறது. எனவே எல், எஸ், சி, பி, யு என்னும் எழுத்துகளைத் தட்டிச் செயலியின் வகையை முன்னரே அறிதல் அவசியம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதியும், குறைந்தது 4 கிகாபைட் நினைவகமும் வேண்டப்படுகின்றன. இவை இல்லாத யந்திரம் பழுதுற்றதன்று. அந்த இயங்குதளத்திற்கு ஒவ்வாதது, அவ்வளவே. பொருத்தமான லினக்ஸ் பதிப்பை நிறுவினால் அது இன்னும் பல ஆண்டுகள் பயன் தரக்கூடும்.

எழுத்துச் சிதைவு

தமிழ்க் கோப்பைத் திறக்கையில் பொருளற்ற குறிகள் தோன்றினால் யந்திரத்தைக் குறை கூறலாகாது. பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டப்பட்ட கோப்பு அது. ஒருங்குறிக்கு மாற்றியதும் எழுத்துகள் தெளிவுறும்.

ஒவ்வொரு பள்ளியிலும் உபகரணத்தின் மாதிரி எண், இயங்குதளப் பதிப்பு, கண்ட குறை, செய்த மாற்றம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்து வருதல் நலம். இணங்காத யந்திரத்தைக் கெட்ட யந்திரமெனக் கழித்துவிடின் இழப்பு பணத்தோடு நில்லாது. அதில் பயில வேண்டிய மாணவர்களின் ஓராண்டுச் செய்முறைப் பயிற்சியும் உடன் இழக்கப்படும்.