பங்குனி மழையும் ஓயாக்கரைக் காணியும்

பங்குனி பிறந்ததும் எம்மிடம் வரும் முதற் கேள்வி, ஓயாக்கரைக் காணியில் உருளைக்கிழங்கு போடலாமா என்பதே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியபோது வீட்டையும் வயலையும் விட்டு வந்தவர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான்; சிறுபோகமும் போனால் கடனை எப்படி அடைப்பது?

வடகீழ்ப் பருவமழை மாசியோடு ஓய்ந்துவிடும். பங்குனி, சித்திரையில் வருவது வேறு மழை. காலையில் வெயில் கொளுத்தும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் இடியோடு கொட்டும். வெலிமடையில் தூறல்கூட இல்லாதபோதும், மேல்மலையில் பெய்த மழையால் உமா ஓயா கலங்கிப் பெருகி வரும். ஆகவே கரையோர வேலையை முற்பகலோடு முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் நிறம் மாறினால் மண்வெட்டியைத் தேடி நிற்க வேண்டாம்.

ஆற்றை விட மலைச்சரிவே எமக்குப் பெரிய கவலை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டதை ஊவாவில் யார் மறப்பார்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்தே எச்சரிக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் புறப்பட ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். நேரான பக்கமுள்ள வெற்றுப் பால்மா டின்னை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஏறக்குறைய மூன்று, நான்கு, ஆறு அங்குலம் என்பதே கணக்கு. ஏற்கெனவே வெடிப்பு விழுந்த சரிவின் கீழ் இருப்பவர்கள் ஆறு அங்குலம் வரை காத்திருக்கக் கூடாது என்பது எமது எண்ணம்.

கிழங்குக்கு வருவோம். விதைக்கிழங்கு முழுவதையும் கரைக்காணியிலேயே இட்டுவிடாதீர்கள். இராக்காவல் குடிலை மட்டும் எக்காரணம் கொண்டும் ஓயாவோரம் கட்ட வேண்டாம்.